ஜவ்வரிசி சாரும் என் முகூர்த்த வேட்டியும்

வளைகுடாவில் எத்தனையோ விஞ்ஞானிகள் இருந்திருக்கலாம். கட்டிய வேட்டியை நம்பி விஞ்ஞானம் செய்தவர் எங்கள் ஜவ்வரிசி சார் ஒருவர்தான்.

இரண்டாயிரங்களில் துபாய் ஜெபல் அலியில் ஒரு சாய ஆலை. நான் ஸ்டோர் கீப்பர், அவர் கழிவுநீர் கெமிஸ்ட். ஈரோட்டுக்காரர். பாலிமரில் அவர் செய்த ஜெல் மணிகள் தண்ணீர் பட்டால் ஜவ்வரிசி மாதிரி உப்பும். சாயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரைத் தெளியவிடும். எப்படி சார் என்றால், "நம்ம பாஸ்போர்ட்டு கம்பெனிகிட்டப் போற மாதிரிதானுங்க தம்பி. உள்ள போனா வெளிய வராது" என்பார்.

நிறம் பார்க்க மெஷின் இருந்தது. "அது கம்பெனி வாங்குனது, கம்பெனிக்குத்தான் விசுவாசமா இருக்கும்" என்று அதை நம்பமாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் தன் வெள்ளை வேட்டியைச் சுத்திகரித்த தண்ணீரில் அலசி, நாங்கள் தங்கியிருந்த கேம்ப் கொடியில் காயப்போடுவார். எங்களுக்கு அதுதான் செய்தித்தாள். நீலமாகத் தொங்கினால் ஜீன்ஸ் ஆர்டர் வந்திருக்கிறது. ஒரு வாரம் ஓரத்தில் மட்டும் பச்சை.

"என்ன சார், கட்சி மாறிட்டீங்களா?"

மனிதர் அன்று சாப்பிடவே இல்லை.

எங்கள் மேனேஜரின் விஞ்ஞானம் வேறு. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்து வெளியேற்றும் தொட்டியை நிரப்பிவிடுவார். அந்த வருடமும் அதே ஏற்பாடுதான். சாரைக் கூப்பிட்டு முன்கூட்டியே மிரட்டிவைத்தார்.

"உங்க ஜவ்வரிசிய நம்பினா கம்பெனிக்குப் பூட்டுதான். குறுக்க வந்தீங்க, விசா கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிடுவேன்."

சாரின் இரண்டு பெண்களும் அப்போது காலேஜில் இருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவர் கேட்டில் நின்று, "கலாஸ், கலாஸ்! தண்ணி வேண்டாம், யல்லா!" என்று அரபி பாதி தமிழ் பாதியாகக் கத்தி டேங்கரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மேனேஜருக்குத் தெரிவதற்குள் இன்ஸ்பெக்டரின் கார் உள்ளே வந்துவிட்டது.

பளீரென்று வெள்ளைக் கந்தூரா அங்கியில் இறங்கினார் இன்ஸ்பெக்டர். வெள்ளை வேட்டி எடுக்கச் சார் கேம்புக்கு ஓடினார். அவருடைய வேட்டிகளில் எதிலும் வெள்ளை மிச்சமில்லை. திரும்பி வந்தபோது கையில் இருந்தது, அடுத்த மாதக் கல்யாணத்துக்காக நான் தேரா பஜாரில் வாங்கி வைத்திருந்த புது வேட்டி!

"சார், அது என் முகூர்த்த வேட்டி!"

"வெள்ளையா வேறெதுமே இல்லீங் தம்பி!"

வெளியேற்றும் தொட்டியில் முக்கிவிட்டார். அன்று ஆலையில் ஓடிக்கொண்டிருந்தது மெரூன் சாயம். எனக்கு வேட்டிக் கவலை, மேனேஜருக்குக் கம்பெனிக் கவலை. சார் மட்டும் நிதானமாகப் பிழிந்து, உதறி, இன்ஸ்பெக்டரின் கந்தூராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். எது அதிக வெள்ளை என்று சொல்லமுடியவில்லை. இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன் கருவியை வைத்தும் பார்த்தார். அதுவும் வேட்டி சொன்னதையே சொன்னது.

"எல்லாம் எங்க மேனேஜ்மென்ட் ஐடியா" என்று முன்னால் பாய்ந்து கைகுலுக்கினார் மேனேஜர். அதற்கப்புறம் கேன்சல் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் தாலி கட்டினேன். அதன் கரை மடிப்புக்குள் ஒரு ஜெல் மணி மாட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்தால் இருப்பதே தெரியாது. துவைக்கும்போதெல்லாம் குண்டாக உப்பி எட்டிப்பார்க்கும்.

"தையலைப் பிரிச்சு எடுத்துடட்டுமாங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள் என் மனைவி.

"வேணாம் விடு, சார் இருந்துட்டுப் போகட்டும்."