கேட்டுக்கொண்டே இருந்தவர்

காத்திருப்பது ஒரு கலை, ஒரு தவம், ஒரு முழுநேரப் பணி. அந்தப் பணியில் நெப்ராஸ்கா மாநிலத்துக்கே முன்னோடி வெர்லின் ஸ்டக்கி என்றால் மிகையல்ல. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வியட்நாமில் பதினான்கு மாதம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு காதுகளையும் அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பியவர் அவர். காது போனது போரினால்தான் என்பதற்குச் 'சான்று போதாது' என்று, உதவி கேட்டுப் போட்ட மனுவுக்கு அரசு கைவிரித்தது. மேல்முறையீடு செய்தார். மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இந்த மூன்று ஆண்டுகளில் அவருக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். கணினியில் மேல்முறையீட்டு அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்தால் 'உங்கள் வரிசை எண்' தெரியும். திங்கட்கிழமை 2,140. செவ்வாய் 2,163. புதன் 2,188. வரிசையில் அசையாமல் நிற்கிற மனிதன் பின்னால் போவது எப்படி?

வெர்லின் இதை விட்டுவிடுகிற ஆள் இல்லை. நாற்பது ஆண்டுகள் சோள வயல்களில் சுழல் பாசனக் குழாய்களைப் பழுது பார்த்தவர். எதையும் கழற்றிப் பார்த்தால் விளங்கும் என்பது அவர் கொள்கை. அலுவலகத்தைக் கழற்ற முடியாததால், முன்னாள் படைவீரர் மன்றத்தில் காபிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, காகிதக் கைக்குட்டையில் அதன் படத்தை வரைந்தார்.

"இங்க பாரு டுவேன். இது மனு உள்ள வர்ற குழாய். இது வடிகட்டி. இது தீர்ப்பு வெளிய வர்ற குழாய்."

டுவேன் ஸ்வபோடாவும் அதே பீரங்கிப் படைக்காரர். அவருக்கும் காது அரைகுறைதான். ஆப்ரிகாட் வைத்த கொலாச்சி ரொட்டியைக் கடித்தபடி படத்தை உற்றுப் பார்த்தார். "வடிகட்டியில என்னப்பா அடைச்சிக்கிட்டிருக்கு?"

"நான்தான்."

"நாயா?"

"நான்டா! நானு!"

"சரி, அதுக்கு ஏன் கத்துற?"

வெர்லின் பொறுமையாக விளக்கினார். குழாயில் அழுத்தம் குறைந்தால் தண்ணீர் பின்னால் போகும். மனுவும் அப்படித்தான். ஆகவே அழுத்தம் கொடுக்க வேண்டும். அலுவலகத்துக்குத் தினமும் போன் செய்து 'நிலவரம்' கேட்க வேண்டும்.

"நீதான் ரெண்டு வருஷமா தினம் பண்றியே?" என்றார் டுவேன்.

"பண்றதாலதான் இவ்வளவோட நிக்குது. பண்ணலைன்னா இந்நேரம் பத்தாயிரத்துக்குப் போயிருக்கும்."

மறுக்க முடியாத வாதம். மேசையில் யாரும் மறுக்கவில்லை. பாதிப் பேருக்கு அது காதில் விழவும் இல்லை.

காது கேளாதவர் போனில் எப்படிப் பேசுவார் என்று சிலர் ஐயப்படலாம். அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது. உரையாடல் என்பதும் ஓர் இயந்திரம். எதிர்ப்பக்கம் பேசும்போது போனுக்குள் தேனீக் கூட்டம் மாதிரி ஓர் இரைச்சல் வரும். இரைச்சல் நின்றால் நம் முறை. அப்போது மலர்ச்சியாக ஏதாவது சொல்ல வேண்டும். எழுபத்தாறு வயதுக்காரர் மலர்ச்சியாகப் பேசினால் யாரும் குறுக்கே கேட்பதில்லை. நடுவில் ஏதாவது ஒரு சொல் தெளிவாக விழுந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். மார்ச் நான்காம் தேதி அப்படித்தான் 'பரிசு' என்று ஒரு சொல் விழுந்தது.

"பரிசெல்லாம் வேண்டாம் மேடம், மரியாதை போதும்" என்று வெர்லின் கம்பீரமாகச் சொன்னார். மன்றத்தில் அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு.

"பரிசு குடுக்கிறேன்னாங்களா? உனக்கா? என்ன, கேடயமா?" என்றார் டுவேன்.

"வேணாம்னுட்டேன்."

"பைத்தியமாடா நீ? எனக்காவது வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

மனு வென்றால் வெர்லினுக்குக் கிடைக்கப்போவது கேடயம் அல்ல. நல்ல காது மிஷின். இப்போது இருப்பது சொந்தமாக விசிலடிக்கும், வேறு எதையும் உள்ளே விடாது. நல்ல மிஷின் எதற்கு என்று கேட்டால் பறவை, தேவாலயம், தொலைக்காட்சி என்று எதையாவது சொல்வார். உண்மைக் காரணம் வேறு. அவர் மனைவி ஆர்டித்துக்கு மெல்லிய குரல். அந்தக் குரலில் அரை நூற்றாண்டாக வெர்லினைத் திட்டிவந்தார். கணவரின் நடை, உடை, விளக்கம் சொல்லும் வியாதி, எதுவும் தப்பாது. மிச்சமிருந்த கேட்கும் திறனும் தேய்ந்துபோய், நான்கு ஆண்டுகளாக அந்தக் குரல் அவரை எட்டவே இல்லை. சமையலறையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறது. அதில் 'பால் இல்லை' என்று இருக்கும். 'இன்று குப்பை நாள்' என்று இருக்கும்.

"ஏன் ஆர்டித், இப்பல்லாம் திட்டுறதே இல்ல?" என்று ஒருநாள் கேட்டார்.

ஆர்டித் பலகையில் எழுதினார்: 'கை வலிக்கிறது.'

மனிதன் பால் இல்லாமல் இருந்துவிடலாம். திட்டு இல்லாமல் எத்தனை நாள் இருப்பது?

ஆர்டித் காலையில் ஊர் நூலகத்தைத் திறந்து நண்பகல்வரை பார்த்துக்கொள்கிறார். அலுவலகத்துக்குப் போன் செய்யும் நேரமும் அதுவேதான். மதியம் அவர் வீடு திரும்பும்போது வெர்லின் சொல்வார்: "நல்லா போயிட்டிருக்கு. ரொம்பத் தன்மையான பொண்ணு." இரண்டு ஆண்டுகள் 'நல்லா போன' பிறகு ஆர்டித்துக்குச் சந்தேகம் வந்தது. கணவருக்குச் சொல்லாமல், கோப்பின் நகல் ஒன்றை அனுப்பும்படி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டார்.

ஆறு வாரத்தில் ஒரு பெட்டி வந்தது.

வெர்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா எவ்வளவு கனம்! அறுநூத்துப் பன்னெண்டு பக்கம்! என் விஷயத்துல எவ்வளவு உழைச்சிருக்காங்க!"

ஆர்டித் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படைப்பிரிவுச் சான்று ஒன்பது பக்கம். மருத்துவர் குறிப்பு பதினான்கு. மீதி ஐந்நூற்று எண்பத்தொன்பது பக்கமும் வெர்லினின் தொலைபேசி அழைப்புகள். அழைப்புக்கு ஒரு பக்கம். அலுவலகத்தின் ஒழுங்கை மெச்சாமல் இருக்க முடியாது.

'மார்ச் 4. காதுப் பரிசோதனைக்கு எப்போது வர இயலும் என்று கேட்கப்பட்டது. தமக்கு வேண்டாம், மரியாதை போதும் என்றார் மனுதாரர். பரிசோதனையை மறுத்ததாகப் பதியப்பட்டது.'

'மார்ச் 5. படிவம் அனுப்பினீர்களா என்று கேட்கப்பட்டது. பனி ஓரடி விழுந்திருப்பதாகத் தெரிவித்தார்.'

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே முத்திரை வாசகம்: 'மனுதாரர் இனிமையாக உரையாடினார். கேட்கும் திறனில் குறை தெரியவில்லை. இவ்வழைப்பு புதிய சான்றாகச் சேர்க்கப்பட்டது. விதிப்படி கோப்பு வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டது.'

அதற்கும் கீழே, பொடி எழுத்தில், மக்கள் நலனில் அக்கறையோடு: 'மனுதாரர் விரும்பும் வழி தொலைபேசி. கடிதம் அனுப்பித் தொந்தரவு செய்ய வேண்டாம்.'

ஆர்டித் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்தார். பேசினார். முழுதாக நான்கு நிமிடம் பேசினார். கை ஆடியது, புருவம் ஏறி இறங்கியது, கடைசியில் மேசையில் ஓர் அடியும் விழுந்தது. அவர் வாழ்நாளிலேயே தலைசிறந்த திட்டு அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெர்லின் ஆசையோடு முன்னால் சாய்ந்தார். விசில் மட்டும் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லேன், ஆர்டித்" என்றார்.

ஆர்டித் பேனாவை எடுத்துப் பலகையில் எழுதினார்: 'போன் செய்யாதே. பரிசோதனைத் தேதி கேட்டு நான் கடிதம் எழுதுகிறேன். நீ கையெழுத்து மட்டும் போடு.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெர்லின் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். போன் செய்யவில்லை. அன்றைக்கு எண் 2,871. அடுத்த நாள் 2,859. மூன்றாம் நாள் 2,846.

ஆக, இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது கடைசியில் விளங்கிவிட்டது. அதில் பழுது ஏதும் இல்லை. அதை இப்படித்தான் செய்துவைத்திருக்கிறார்கள். நாட்டுக்காகக் காதைக் கொடுத்த ஒருவர் கேட்காதவர்தான் என்று அலுவலகம் நம்ப வேண்டுமானால், அவர் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும்.