கணக்கு சார் கத்துகிறார்

மதியழகன் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒரு செத்த கரப்பான் மட்டும் விழுந்தது.

திண்டுக்கல்லை ஒட்டிய அந்தப் பள்ளியில் புதன்தோறும் கடைசி மணிக்குப் பிறகு "நல்லுறவும் பாதுகாப்பும்" வகுப்பு நடக்கும். கணக்கு வாத்தியாரான அவர்தான் பொறுப்பு. யாராவது மிரட்டினாலோ, மனசு நோக நடந்துகொண்டாலோ பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதிப் போடுவதற்கு வைத்த பெட்டி அது. மூன்று மாதமாகத் தினமும் காலையில் திறக்கிறார். காலி.

"காலின்னா பிள்ளைங்க பயப்படுதுன்னு அர்த்தம் சார். அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றவங்க வகுப்பையே வேற பள்ளிக்கு மாத்திருவாங்க" என்றார் தலைமையாசிரியை செபாஸ்தியம்மாள்.

மதியழகன் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். கணக்கு வாத்தியாரை எந்தப் பிள்ளை தேடி வரும்? பிள்ளைகளுக்குத் தம்மைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்ததே அந்த ஒரு வகுப்புதான். அதுவும் போவதா!

சனி, ஞாயிறு உட்கார்ந்து இடது கையால் ஒரு கடிதம் எழுதினார். யார்மீது புகார் சொல்வது? அடுத்தவர் பேரை இழுப்பது பாவம். தம்மீதே புகார் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், சிரித்துவிட்டுப் போவார்கள்.

"கணக்கு சார் ரொம்பக் கத்துகிறார். பயமாக இருக்கிறது."

திங்கட்கிழமை காலை பெட்டியில் போட்டார். பத்து நிமிடத்தில் அவரே கண்டெடுத்தார்.

"மேடம், வந்திருச்சு!"

செபாஸ்தியம்மாள் சிரிக்கவில்லை.

"எந்தப் பிள்ளையோ நொந்து எழுதியிருக்கு. இதைச் சும்மா விடக் கூடாது."

போச்சுடா! மத்தியானமே, அதே இடது கை எழுத்தில், இரண்டாவது கடிதம் விழுந்தது. "தெரியாமல் எழுதிவிட்டேன். கணக்கு சார் தங்கமானவர்."

"என்ன சார் இது! அந்தப் பிள்ளையக் கண்டுபிடிச்சு, மெரட்டி, மாத்தி எழுதி வாங்கிட்டீங்களா?"

"நான் யாரையும் மெரட்டல மேடம்! நான் கத்துறதே கெடையாது!"

அவர் சொன்ன வேகத்தில், வராந்தாவின் கடைசி வகுப்பறையில் பிள்ளைகள் ஒப்பித்துக்கொண்டிருந்த வாய்ப்பாடு பாதியில் நின்றது.

உண்மையைச் சொல்லிவிடலாமா? பொய்க் கடிதம் எழுதிய வாத்தியார் என்ற பேருக்குக் கத்துகிற வாத்தியார் எவ்வளவோ தேவலை.

புதன்கிழமை அவரை அவருடைய வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆங்கில ஆசிரியை சுகன்யா பாடம் எடுத்தார்.

"கோவம் வந்தா என்ன செய்யணும்? மதியழகன் சார், நீங்க சொல்லுங்க."

"பத்து வரைக்கும் எண்ணணும் மிஸ்."

எழுந்து நின்று மன்னிப்பும் கேட்டார். பிள்ளைகள் விடாமல் கை தட்டினார்கள். தமக்காக இத்தனை பிள்ளைகள் இரங்குகிறார்களே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் போன பிறகு, வகுப்பறையைக் கூட்ட வந்த துப்புரவுப் பணியாளர் இன்னாசியம்மாளிடம் மனசு தாங்காமல் கொட்டிவிட்டார்.

"யக்கா, செய்யாத குத்தத்துக்குத் தண்டனை. அந்தக் கடுதாசிய எழுதுனதே நான்தான்."

இன்னாசியம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

"ஆத்தாடி, அது உங்க எழுத்தா? ஒண்ணு மட்டும் எப்படி என் கைக்குத் தப்புச்சுன்னு ரெண்டு நாளா மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிட்டு இருக்கேன்! தெனம் சாயங்காலம் பெட்டி ரொம்பிக் கெடக்கும் சார், அம்புட்டுலயும் நீங்க கத்துறதத்தான் எழுதியிருப்பாக. நல்ல மனுசன், படிச்சா ஒடஞ்சு போவாரேன்னு நாந்தானே எல்லாத்தையும் அள்ளி அடுப்புல போட்டேன்!"