செத்தநேரமும் என் அரை மணி நேரமும்

வேலை செய்யாத ஒரு கணினியை அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அறியா வயதில் அல்ல. நாற்பதைத் தாண்டி, மூக்குக்கண்ணாடி போட்ட பிறகு. என்னைக் காப்பாற்றியவர் செத்தநேரம். மனிதராகப் பிறந்தவர்களில் அவரளவுக்கு அவசரப்படாதவர் எவரும் இல்லை. மலைகளில் வேண்டுமானால் ஒன்றிரண்டு இருக்கலாம்.

ராஜபாளையத்தில் உரக்கடை ஒன்றின் மாடியில் நாங்கள் ஐந்து பேர் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். அதில் ஒருவரான இவர், எதைக் கேட்டாலும் "செத்த நேரம் இருங்கண்ணே" என்பார், கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று; அதுவே பெயராகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் வருபவர், காலியாக வரும் பஸ்ஸைக்கூட "டிரைவர் மூஞ்சியில அவசரம் தெரியுது" என்று விட்டுவிடுவார். அவர் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கியபோது, தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே மலைமேல் இறங்கிய மேகத்தைக் காட்டி "செத்த நேரம்" என்றாராம். மணப்பெண்ணும் திரும்பி மேகத்தைப் பார்த்தாளாம். பத்துப் பொருத்தமும் அங்கேயே பொருந்திவிட்டது.

எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் ஒரு மில். அதன் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணியைப் படமெடுத்து, குறை பார்ப்பதற்காக மில்லின் ராஜபாளையம் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். நடுவில் நின்று செய்திகளை வாங்கி வரிசைப்படி சேர்க்கும் மென்பொருளுக்குப் புரோக்கர் என்று பெயர். கல்யாணத்துக்கும் நிலத்துக்கும் இருப்பதைப் போலத்தான். "மூன்றாம் தறி, நூறு மீட்டர்" போன்ற குட்டிச் செய்திகள் பறந்தன. ஒரு நாளின் படங்களைக் கட்டாகக் கட்டி அனுப்பினால் முப்பது நொடியில் "டைம் அவுட்", நேரம் முடிந்தது என்று கைவிட்டுவிடும். அனுப்பிய கணினியோ விடாமல் அதே கட்டை மறுபடி அனுப்பும்.

அந்த முப்பது நொடியை நான் முப்பது நிமிடமாக்கினேன். முன்பு அரை நிமிடத்தில் தெரிந்த தோல்வி, இப்போது அரை மணி கழித்து நிதானமாகத் தெரிந்தது. குட்டிச் செய்திகளும் அந்தப் படக்கட்டின் பின்னால் மாட்டிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை மதியம் மில் மேனேஜர் மாடியேறி வந்தார். "ஆறு மணிக்குள்ள படம் வரணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதோம்." மில் போனால் நாங்கள் ஐந்து பேரும் கீழே உர மூட்டை தூக்க வேண்டியதுதான்.

செத்தநேரம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு படத்தை அனுப்பினார், போயிற்று. மலையைப் பார்த்தார். இரண்டு அனுப்பினார், போயிற்று. அய்யனார் கோவில் பக்கம் மழை சல்லாத்துணி போல அசைந்து அசைந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு அனுப்பினார். மின்விசிறிகூடத் தூக்கத்தில் சுற்றுவது போலிருந்தது.

"தூங்குதாரா?" என்றார் மேனேஜர்.

"யோசிக்காரு," என்றேன்.

"கண்ணத் தொறந்துக்கிட்டேவா?"

எட்டுப் படங்களில் நின்றுவிட்டது. செத்தநேரம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, கண்டக்டர்ட்ட சீட்டுக் குடுத்தா சேத்துருவாரு. பஞ்சுப் பேலை, அம்புட்டுப் பெரிய மூட்டைய, குடுத்தா?"

"வாங்க மாட்டாரு."

"அரை மணி நேரம் பஸ்ஸ நிப்பாட்டி வச்சுக் குடுத்தா?"

மேனேஜர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேலை குடோன்ல இறக்கிட்டு, எங்க இருக்குன்னு சீட்டுல எழுதிக் கண்டக்டர்ட்ட குடுப்போம். வேணுங்கிறவுக போய் எடுத்துக்கிடட்டும்."

அப்படியே செய்தார். படங்கள் ஒரு சேமிப்பிடத்துக்குப் போயின. புரோக்கர் வழியாகப் போனது அவற்றின் முகவரி மட்டும். என் முப்பது நிமிடத்தை அழித்துவிட்டு முப்பது நொடி என்று போட்டார். எனக்கு ஆச்சரியம்.

"நீரா காத்திருக்க வேண்டாங்கீரு?"

"நான் காத்திருந்தா மலையாவது தெரியும்ணே. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், பாவம்?"

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பு, மில் ஆபீஸ் திரையில் வெள்ளைத் துணிப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, காற்றில்லாத நாளின் மேகங்களைப் போல. போனில் மேனேஜரின் ஆள் எண்ணிக்கொண்டே வந்தான். ஐந்து குடும்பங்கள் பிழைத்தன. அதைச் செய்தவரோ வெளியே மழை விட்டுவிட்டதே என்ற வருத்தத்தில் இருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் செத்த நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை நன்றி சொல்ல மில்லுக்குப் போனேன். நாங்கள் எப்படிப் பிழையைத் துரத்திப் பிடித்தோம் என்று, 'நாங்கள்' என்பதை அழுத்தி, விரிவாக விளக்கினேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"வேலை உங்க ஆபீசுக்குத்தான், சந்தோசம். ஆனா இனிமே கம்ப்யூட்டர அந்த ஜன்னலோரத்து ஆளு மட்டும் தொடட்டும். நீங்க வந்து பேசிக்கிட்டு இருங்க, அது நல்லாத்தான் இருக்கு."