ஞாயிற்றுக்கிழமைச் சேறு

சேற்றை எந்தப் பக்கத்திலிருந்து எறிவது என்பதுதான் கண்ணாடிக்காரருக்கு இருந்த ஒரே குழப்பம். வாளி தயார், சேறும் தயார். எதிரே வண்டியும் தயாராக நின்றது. உயரமான கறுப்பு ஜீப். இடுப்பளவு சக்கரம், எங்காவது சிக்கினால் இழுத்துக்கொண்டு வெளியே வர முன்னால் ஒரு வின்ச், ஆற்றில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சுவிட கூரை வரைக்கும் ஒரு குழாய். வாங்கிய நாளிலிருந்து அது கடந்த மிகப் பெரிய வெள்ளம், பக்கத்துத் தெருவில் குழாய் உடைந்த அன்று ஓடிய தண்ணீர்தான்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாளெல்லாம் லென்ஸில் விரல் ரேகை படாமல் துடைத்துத் துடைத்துப் பழகிய கை, சேறு எறிய மறுத்தது. முதல் பிடி கதவில் பொத்தென்று விழுந்து ஒட்டிக்கொண்டது. பார்க்கச் சகிக்கவில்லை. உடனே துணியை எடுத்துத் துடைத்துவிட்டார். பிறகு யோசித்து, பெயின்ட் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து, கீழே கெட்டியாகவும் மேலே போகப் போக மெலிசாகவும் ஓரம் பிசகாமல் பூசி முடித்தார்.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வண்டிக்கு ஃபேஸ் பேக் போடுறீங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. இத்தனைக்கும் காரணம் 'காடுமேடு நண்பர்கள்' என்ற குழு. ஜீப் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. டைல்ஸ் கடை முதலாளி ஒருவர் அதற்குத் தலைவர். குரலுக்காகவும் தாடிக்காகவும் எல்லோரும் அவரைக் கரடி என்றார்கள். குழுவில் ஒவ்வொருவரும் பாறை ஏறியதையும் சதுப்பில் புதைந்ததையும் எழுதும்போது சும்மா இருக்க முடியாமல் கண்ணாடிக்காரரும் ஒரு காட்டோடையைக் கடந்ததாக அள்ளிவிட்டிருந்தார். போன வாரம் சிக்னலில் அவருடைய வண்டியைப் பார்த்த கரடி, அது பளபளவென்று நிற்பதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "காட்டோடையிலிருந்து நேரா பியூட்டி பார்லரா?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு கூடுகிறது. அடுத்து மலைக்குப் போகும் பயணத்துக்கு முன்வண்டி எது என்று அன்றுதான் முடிவாகும். முன்வண்டியில் மஞ்சள் கொடி பறக்கும். மற்ற எல்லோரும் அதன் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் வரவேண்டும். கண்ணாடிக்காரருக்கு அந்தக் கொடி வேண்டும். ஜீப் வாங்க வழியில்லாத காலத்திலேயே லென்ஸ் அலமாரியின் உள்கதவில் ஜீப் படங்களை ஒட்டி வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்கள் எழுத்துகளைப் படித்துக் காட்டும் நேரத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

வண்டியை நிஜமான சேற்றில் இறக்கினால் என்ன என்று கேட்கலாம். ஒருமுறை இறக்கப் பார்த்தார். ஊருக்கு வெளியே காலி மனை ஒன்றில் முன்சக்கரம் ஒரு சாண் இறங்கியது, வண்டி லேசாகச் சாய்ந்தது, அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அப்படியே ரிவர்ஸ் எடுத்து வந்துவிட்டார். வண்டி சேற்றுக்குப் போவதைவிடச் சேறு வண்டிக்கு வருவதே பாதுகாப்பு என்று அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

மறுநாள் காலையில் எழுந்து வந்து பார்த்தால், வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. பக்கத்தில் வாளியும் துணியுமாக மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

மாமனார் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். மகள் வீட்டுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகிறது. மாப்பிள்ளை வைத்திருக்கும் வண்டியைப் பார்த்து, காட்டோடை கடந்த கதையையும் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

"நேத்து காட்டுக்குப் போயிட்டு வந்தீங்க போலிருக்கு. களைச்சுப் போய்த் தூங்குறீங்களேன்னு நானே குளிப்பாட்டிட்டேன்" என்றார்.

இல்லை மாமா, அது நம் வீட்டுப் பூந்தொட்டி மண் என்று சொல்ல வாய் வரவில்லை. "எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்" என்று மென்று முழுங்கினார்.

"இதுல என்ன சிரமம். வேலையில இருந்த வரைக்கும் தண்டவாளத்துலயே போனேன், மாப்பிள்ளை. ஒரு நாளாவது இடது பக்கம் திரும்பிப் பாக்கணும்னு ஆசை. முடியுமா? நீங்க ரோடே இல்லாத இடத்துல ஓட்டுறீங்க. உங்க வண்டியைத் தொட்டுத் துடைக்கிறதே எனக்கு ஒரு பாக்கியம்."

கண்ணாடிக்காரருக்கு உள்ளுக்குள் ஏதோ குத்தியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. பூந்தொட்டிகளில் மண்ணும் தீர்ந்துவிட்டது. குத்தலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நகரத்தை ஒட்டியிருந்த ஒரு நர்சரிக்குப் போனார். இந்த முறை ஜீப்பை எடுக்கவில்லை. மனைவியின் ஸ்கூட்டரில் போனார்.

செடி வாங்காமல் மண் மட்டும், அதுவும் குழைத்த மண் வேண்டும் என்று கேட்டால் நர்சரிக்கார அம்மா என்ன நினைப்பாளோ என்று ரோஜாச் செடிக்கு என்று சொல்லி வைத்தார். அந்த அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"கெட்டியா வேணுமா, தெறிக்கிற பதமா வேணுமா?"

"தெறிக்கிற... ரெண்டுக்கும் நடுவுல."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சிடணும். அவ்வளவுதானே?"

ரோஜாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டு, சாக்கை ஸ்கூட்டரின் முன்னால் இரண்டு கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் விடியுமுன்னே வேலையைத் தொடங்கினார். பிரஷ் இல்லை, துடைப்பம். சேற்றில் முக்கி, மணிக்கட்டைச் சுண்டினால் பொடிப்பொடியாக அழகாகத் தெறித்தது. அந்த வித்தை கைவந்ததும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. சக்கரத்துக்கு மேலே, பம்பரில், கதவில், மூச்சுக்குழாயில் என்று விளாசித் தள்ளினார். விளாசி முடித்துத் திரும்பினால், பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஜீப்பின் உருவம் மட்டும் வெள்ளையாக நின்றது. சுற்றிலும் ஒரே சேறு.

வாசலில் மாமனார்.

"இது எப்ப ஆச்சு?"

"விடியறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு காட்டுக்குப் போயிட்டு வந்தேன், மாமா. உள்ள வரும்போது சக்கரம் தெறிச்சிருச்சு."

"தெறிச்சா சக்கரத்துக்குப் பின்னாடிதானே இருக்கணும்? சுவரு பூரா இருக்கே."

"காட்டுச் சேறு அப்படித்தான், மாமா. நிக்காது."

மாமனார் அதை அப்படியே நம்பினார். நம்பியதோடு நிற்காமல், என்னையும் எழுப்பியிருக்கலாமே என்று முகம் வாடிவிட்டார். அந்த வாட்டத்தைப் பொறுக்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கும் அதன் பிறகு மலைக்கும் மாமாவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாகக் கண்ணாடிக்காரர் வாக்குக் கொடுத்தார். கையோடு இன்னொன்றும் சொன்னார்: காட்டு மண்ணைக் கழுவவே கூடாது, அதுதான் வண்டிக்குக் கௌரவம். பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, சுவருக்குத் தானே வெள்ளையடித்துக் கொடுத்தார். அப்போது பிரஷ் நன்றாகவே கை கொடுத்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நடு வாரத்தில் இரண்டு நாள் தூறல். அதற்குப் பிந்தைய காலையில் மாமனார் படுக்கையறைக் கதவைத் தட்டினார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் எழுந்து வாங்க. வண்டி துளிர் விட்டிருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தார். பம்பரின் மேல், முன்சக்கரத்தின் வளைவில், மூச்சுக்குழாயின் அடியில் என்று சேறு கெட்டியாக இருந்த இடங்களிலெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் குட்டி இலைகள் எட்டிப் பார்த்தன. சுரண்டிப்போடக் கையை நீட்டியவர் மாமனாரைப் பார்த்ததும் பின்வாங்கினார். ஆனால் வாய் அதன் பாட்டுக்கு வேலை செய்தது.

"இது அடர்ந்த காட்டுல மட்டும் வர்ற செடி, மாமா. ஊர்ப்பக்கம் வளரவே வளராது."

அவ்வளவுதான். அன்றிலிருந்து மாமனார் காலையிலும் மாலையிலும் பூவாளியோடு பம்பருக்குத் தண்ணீர் ஊற்றினார். வெயில் படும் பக்கமாக வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். தெருவில் போகிறவர்களை நிறுத்திக் காட்டினார். சுரண்டிப்போட வழியே இல்லாமல் கண்ணாடிக்காரர் தவித்தார். மனைவி மட்டும் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, அப்பா இல்லாத நேரமாக வந்து சொன்னாள்:

"தண்டுக்கீரைங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டா கிள்ளிச் சமைக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நகரத்தின் ஓரத்தில் ஒரு பெரிய மைதானம். ஜீப்புகள் வரிசையாக நின்றன, ஒன்றைவிட ஒன்று அழுக்காக. எல்லாவற்றிலும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. உண்மையான வீரர்களின் வண்டிகள் என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் பெருமூச்சு விட்டார். இவர்களுக்கு நடுவே கீரையோடு வந்து நிற்கிறோமே என்று கூசியது. கரடியின் வண்டியில் தலை முதல் கால் வரை சேறு, ஆனால் சக்கரத்துக்கு மேலே மட்டும் யாரோ சுரண்டியதுபோலச் சுத்தமாக இருந்தது. இன்னொருவர் பம்பரின் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடியிருந்தார். பயந்தவன் கண்ணுக்கு இதெல்லாம் எங்கே பதியப்போகிறது.

மாமனார் நேராகக் கரடியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, எங்க மாப்பிள்ளை வண்டியில ஒண்ணு காட்டுறேன்" என்று இழுத்து வந்து, பம்பரைக் காட்டினார்.

கரடி குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். கடைசியில் கரடி நிமிர்ந்து, தாடியைத் தடவிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"அடர்காட்டுச் செடிதான். சந்தேகமே இல்ல. நானும் பாத்திருக்கேன்."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரும் கிட்டே வந்து பார்க்கவில்லை. காடே கூட வந்திருக்கிற வண்டி, இதைவிட முன்வண்டிக்கு வேறென்ன தகுதி வேண்டும் என்று கரடி கேட்டார். மஞ்சள் கொடியைக் கொண்டுவந்து மாமனாரின் கையிலேயே கொடுத்தார். எத்தனையோ சிக்னல்களைக் கடந்து ரயில் ஓட்டிய கை அந்தக் கொடியை மெல்ல விரித்துப் பிடித்தது. கண்ணும் கலங்கியிருந்தது.

அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குத் தாங்கவில்லை. ஆசைப்பட்ட கொடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்த வாரம் இந்த மனிதரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மலை ஏறவேண்டும். ஒரு சாண் பள்ளத்துக்கே ரிவர்ஸ் எடுத்த ஆள் அவர். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார். குரல் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாகவே வந்தது. "இந்த வண்டி இதுவரைக்கும் காட்டுப் பக்கம் போனதே இல்ல. இது காட்டுச் சேறும் இல்ல. நர்சரியில வாங்கி, துடைப்பத்தால நான்தான் தெளிச்சேன். அது கீரை."

மாமனார் கொடியைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஓடை?"

"ஓடையும் இல்ல, மாமா. மன்னிச்சிருங்க."

சிரிப்பார்கள், கேலி செய்வார்கள், குழுவை விட்டுத் தூக்குவார்கள் என்று தலைகுனிந்து காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் பம்பரின் மேல் கிடந்த துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். கரடி இருமினார், அவ்வளவு பெரிய குரலுக்கு அது மிகவும் சின்ன இருமல். இப்படிப் பேசாமல் இருப்பதற்குத் திட்டியே தொலைத்திருக்கலாம் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது.

அப்போது மைதானத்துக்குள் ஒரு சின்னச் சரக்கு வண்டி ஆடி ஆடி வந்து நின்றது. நர்சரிக்கார அம்மா இறங்கினாள். பின்னால் ஈரச் சாக்குகள் அடுக்கியிருந்தன. பம்பரில் நிற்கும் கீரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு, வரிசையாக நின்ற எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க சார், போன தடவை விதை போட்ட மண்ணை மாத்திக் கொடுத்துட்டேன்; இந்தாங்க, வேற சேறு கொண்டாந்திருக்கேன், எப்பவும்போல எல்லாருக்கும் ஒரு சாக்கு, தலைவர் சாருக்கு மட்டும் ரெண்டு."