பதின்மூன்று மாப்பிள்ளைகளும் வயலினும்

செட்டிபாளையம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் தனுஷா அறிய, பெரியம்மா சீதேவிப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் முழங்கால் வலி ஒன்றைத் தவிர மற்றெல்லா வகையிலும் சுகம். கொழும்பில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குப் படுத்து, குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டுகிறேன். தொலைபேசியில் எடுத்தால் "மீட்டிங்கில நிக்கிறன் பெரியம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் மீட்டிங்கைக் குழப்பாது. ஆகவே நீ பூட்டித் தந்த அந்தச் செயலியிலேயே தட்டி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். பொறுமையாக வாசி. பிழையில் பாதி உன்னுடையது.

சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தபோது நான் படும் பாட்டை நீயே பார்த்தாய். முப்பத்தைந்து வருடம் மருத்துவமாதாக வேலை செய்து இந்தக் கரையில் பாதிப் பிள்ளைகளை என் கையால்தான் எடுத்தேன். பிறந்த நாளும் நேரமும் என் கொப்பியில் இருக்கிறபடியால், அவர்கள் கலியாண வயதுக்கு வந்ததும் தாய்மார் "மிஸி, மிஸி" என்று வரன் கேட்டு என்னிடமே வருகிறார்கள். பெயரை மாற்றி, நட்சத்திரத்தை மாற்றி, அதே விபரத்தை ஒற்றை விரலால் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். நீ பாவப்பட்டு, நீ கோட் எழுதுகிற கறுப்புத் திரைச் செயலியை என் மடிக்கணினியில் போட்டு, "மாப்" என்று தட்டி டாப் விசையை அமத்தினால் முழு மாப்பிள்ளையும் வந்து விழும்படி செய்து தந்தாய். "பெண்" என்று தட்டினால் பெண். ஒவ்வொரு இடைவெளியிலும் மாதிரிக்கு ஏதோ ஒரு சொல் இருக்கும், அதன் மேல் தட்டினால் அது அழியும், டாப் அமத்தினால் அடுத்த இடைவெளி வரும், ஒன்றும் தட்டாமல் விட்டால் மாதிரியே நின்றுவிடும் என்று சொன்னாய். கடைசியாகச் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்நேரம் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு இரண்டு மாதம் ராச வாழ்க்கை. ஒரு பிள்ளை பிறக்க நான் விடிய விடியக் காத்திருந்த காலம் போய், ஒரு மாப்பிள்ளையை மூன்று நிமிடத்தில் உண்டாக்கினேன். பதின்மூன்று பேருடைய விபரம் போய்ச் சேர்ந்தது. அதில் ஒருவன் தேற்றாத்தீவு சீனிப்பிள்ளையின் மகன் ரதீஸ். வாவியில் நண்டும் இறாலும் பிடிக்கிறவன், முப்பத்துமூன்று வயது, தங்கமான பொடியன், ஆனால் தொழிலைக் கேட்டதும் நாலு வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். ஐந்தாவதாக ஆரையம்பதி அழகரத்தினத்தாரின் மகள் உசாந்திக்கு அனுப்பினேன். அவள் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர், வந்த வரன் எல்லாவற்றையும் வேண்டாம் என்றவள். மறுநாளே அழகரத்தினத்தார் தொலைபேசியில் எடுத்தார். "மிஸி, பொடியன் தோணியில போனாலும் பரவாயில்ல, கலைஞன் எண்டா அது போதும். ஞாயித்துக்கிழமை வீட்ட வாறம். வயலினையும் ஒருக்கா கேப்பம்" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மடிக்கணினியைத் திறந்து பார்த்தால் கடைசி வரியில், "பொழுதுபோக்கு: வயலின் வாசித்தல்." நீ வைத்த மாதிரி. அந்த வரி திரைக்குக் கீழே மறைந்து கிடந்ததால் நான் ஒரு நாளும் அங்கே போனதில்லை. பதின்மூன்று பேரும் வயலின். மேசன் வயலின், உரக்கடைக்காரன் வயலின், மரக்காலையில் மரம் அரியும்போது இரண்டு விரலைப் பறிகொடுத்தவனும் வயலின். நானே திருத்தலாம் என்று அந்தக் கோப்பைத் திறந்தேன். உள்ளே டொலர் குறியும் வளைந்த அடைப்பும் இரட்டை மேற்கோளுமாகக் கிடந்தது. டொலரைக் கண்டதும் ஏதோ கட்டணம் கேட்கிறதாக்கும் என்று பயந்து மூடிவிட்டேன். உனக்கு எடுத்தேன். நீ மீட்டிங்.

அழகரத்தினத்தாரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சீனிப்பிள்ளைக்கு இதுதான் முதன்முதல் 'ஓம்' என்று வந்த வீடு; அவள் படலைக்குப் பெயின்ட் அடித்து, விறாந்தைக்குப் புதுக் கதிரை வாங்கிவிட்டாள். என் கையால் எடுத்த பிள்ளைக்கு என் கையாலேயே பொய் எழுதிவிட்டேனே என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலை அவர்கள் வருமுன் சீனிப்பிள்ளை வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிடுவோம் என்று பஸ் ஏறினால், பஸ் பாதி வழியில் சில்லுக்குக் காற்றுப் போய் நின்றது. நான் போய்ச் சேர, பெண் வீட்டாரின் வான் முற்றத்தில் நிற்கிறது. பெண்ணும் வந்திருந்தாள். சீனிப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது உனக்குத் தெரியும்.

"வயலின் எங்க?" என்று அழகரத்தினத்தார் கேட்கிறார்.

"வயலா? எங்களுக்கு ஏது வயல். என்ட அண்ணன்ட துண்டு ஒண்டுதான் அந்த வயல் வட்டைக்குள்ள கிடக்கு."

"அப்ப வீட்டுக்குள்ள இல்லையா?"

"வயல் எப்பிடி வீட்டுக்குள்ள கிடக்கும்?"

அழகரத்தினத்தார் கொஞ்சம் யோசித்து, "அப்ப தம்பி அங்க போய்த்தான் வாசிக்கிறவரோ?" என்றார். "அங்க போறவங்க வேலை செய்யிற. ஆரு வாசிக்கிற?" என்றாள் சீனிப்பிள்ளை. ரதீஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நம்ம வாவியில் மீன் பாடும் என்கிற பாடுமீன் கதையைச் சொல்லித் தப்பலாமா என்று எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. "ரதீஸ் வாவியில சங்கீதம் கேட்டு வளந்த பொடியன்" என்று தொடங்கினேன். "நான் பதினெட்டு வருசமாப் போறன் மாமி, ஒரு மீனும் பாடிக் கேட்டதில்ல" என்றான் அவன். அதற்குப் பிறகு என்ன செய்வது, மாதிரி, இடைவெளி, டாப் விசை எல்லாவற்றையும் சொல்லி, பிழை என்னுடையது, பொடியனுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அழகரத்தினத்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனில் அந்த விபரத்தை எடுத்து வரி வரியாக விசாரிக்கத் தொடங்கினார். "வயசு நீங்க எழுதினதா, பெட்டி எழுதினதா?" நான்தான் என்றேன். "நட்சத்திரம்?" நான்தான். "குடி, சிகரட் இல்லை, இது?" பார்த்தால் அதுவும் நீ வைத்த மாதிரி. எல்லோரும் ரதீஸைப் பார்த்தார்கள். "சிகரட் இல்ல. கலியாண வீடு எண்டா கொஞ்சம் எடுப்பன்" என்றான். அழகரத்தினத்தார் மனைவியின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அது பழக்கத்தில வராது" என்று அடுத்த வரிக்குப் போனார்.

அப்போதுதான் உசாந்தி வாய் திறந்தாள். "உண்மையில உங்கட பொழுதுபோக்கு என்ன?"

அவன் பிடரியைச் சொறிந்தான். பிறகு, "நித்திரை" என்றான்.

அவள் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. "மிஸி, கிழமைக்கு அஞ்சு நாள், நாப்பது பிள்ளைகள் வயலினை அறுக்கிறத நான் கேக்கிறன். அப்பா இந்த விபரத்தக் காட்டின உடன, வீட்டுக்குள்ளயும் அதானா எண்டு எனக்கு அழுகை வந்திட்டு. வேணாம் எண்டு சொல்லத்தான் நானும் கூட வந்தன்" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "சத்தமில்லாத வீடு எண்டா எனக்கு ஓம்" என்றாள். ரதீஸ் காது வரை சிவந்து, தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். ஆவணியில் கலியாணம். சீனிப்பிள்ளைக்கு மட்டும், சம்பந்தி ஏன் வயலைக் கேட்டார் என்பது இன்னும் விளங்கவில்லை.

மற்றப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்றாக எடுத்து உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வீட்டார் ஏசினார்கள், மற்றவர்கள் அந்த வரியைக் கவனிக்கவேயில்லை. மாப்பிள்ளைகளில் ஒருவனான நம்மூர் விதுஷன் மட்டும், "சொல்லாதீங்க மாமி, அவங்க கேட்டதால நான் டவுணுக்குப் போய் வயலின் பழகத் தொடங்கிட்டன்" என்று கெஞ்சினான். அவனை அப்படியே விட்டுவிட்டேன். "மாப்" என்ற பகுதியைத் துணிந்து முழுவதுமாக அழித்தும்விட்டேன். இனி என் விரல் தேய்ந்தாலும் ஒவ்வொரு எழுத்தையும் நானேதான் தட்டுவேன். குறுக்கு வழியின் சங்காத்தமே வேண்டாம்.

உனக்கு எல்லா நலமும் கூடிவரட்டும். தலைக்கு எண்ணெய் வை, வெறும் நூடில்ஸில் காலம் தள்ளாதே. அம்மா கேட்டதாகச் சொன்னாள்.

என்றும் உன் நன்மையை நினைக்கும்
பெரியம்மா
சீதேவிப்பிள்ளை

பி.கு.: அழிந்தது "மாப்" மட்டும்தான், "பெண்" இன்னும் நன்றாக வேலை செய்கிறது. உன் அம்மா அவசரப்படுத்தியதாலும் எனக்கு விரல் வலித்ததாலும் நேற்று அப்படியே தட்டி உன் விபரத்தை டவுணில் ஒரு நல்ல இடத்துக்கு அனுப்பினேன். இப்போதுதான் எடுத்தார்கள். மிகவும் சந்தோசம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டி வாருங்கள், வரும்போது அதையும் கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார்கள். எதை என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. திறந்து பார்க்கவும் துணிவு வரவில்லை. பெண்ணுக்குப் பொழுதுபோக்கு வரியில் நீ என்ன மாதிரி வைத்தாய் என்பது உனக்கே தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை பஸ்ஸில் ஏறு.