முன்பல்லுக்கு ஒரு போர்வெல்

பூமியைத் துளைத்துப் பிழைப்பவனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது தப்பு. திண்டிவனத்தில் போர்வெல் போட்டுக் கொடுப்பது என் தொழில். காலையில் வண்டி போய் நின்றால் பொழுது சாய்வதற்குள் முந்நூறு அடி இறங்கி, குழாயையும் சொருகி, தண்ணீரோ புழுதியோ வந்ததைக் காட்டிவிட்டு வீடு திரும்புகிற ஆள் நான். அப்படிப்பட்டவனிடம் போய், ஒரே ஒரு பல்லை நடுவதற்கு ஆறு மாதம் ஆகும் என்று சொன்னால் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது. இன்றுவரை அது முழுதாக அடங்கவும் இல்லை.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பல் ஆடுகிறவர்கள், இம்ப்ளாண்ட் வைக்க எவ்வளவு நாள் ஆகும் என்று என்னிடம்தான் விசாரிக்கிறார்கள். டாக்டர் பேச்சைக் கேட்டால் ஆறு மாதம் என்று சொல்கிறேன். என் பேச்சைக் கேட்டால் ஒன்பது. அந்த மூன்று மாதம் முழுக்க முழுக்க என் சொந்த உழைப்பு.

கதை கரும்பில் ஆரம்பிக்கிறது. என் தங்கை செல்வியை வளவனூரில் கொடுத்திருக்கிறோம். காணும் பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை, எனக்கு மச்சான், கரும்பு போடுகிறவர். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு முழுக் கரும்பைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"மச்சான், கத்தியால சீவி, சின்னச் சின்னதா நறுக்கித் தரட்டா? வயசாயிடுச்சு பாரு, பல்லு தாங்குமோ தாங்காதோ."

(ஐம்பதெல்லாம் ஒரு வயசா?) கரும்பைப் பிடுங்கினேன். கணுவில் வாய் வைக்கக்கூடாது என்று பால்பல் விழாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கணுவில் வைத்தேன். படக்கென்று ஒரு சத்தம். கரும்பு ஒடிந்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். கரும்பு முழுதாக இருந்தது.

மேல் வரிசையில் நட்டநடு முன்பல் போயே போய்விட்டது. வீடே சிரித்தது. சிரிக்காமல் இருந்தது செல்வியின் மகள் கயல் மட்டும்தான். எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். பெண் என்றால் எனக்குக் கயல்தான். மொட்டை போட்டுக் காது குத்தியதிலிருந்து பட்டம் வாங்கியது வரைக்கும், அவள் இருக்கிற போட்டோ ஒவ்வொன்றிலும் பக்கத்தில் நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பேன். அவள் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் உதட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மாமா, வைகாசில எனக்குக் கல்யாணம். மேடையில நீ வாய மூடிக்கினு உம்முனு நின்னேன்னு வை, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்."

"புதுப் பல்லோட வந்து நிக்கிறேன்டா. இல்லன்னா என் பேரை மாத்திக்கிறேன்!" என்றேன். மச்சானைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

விழுப்புரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். என் பையன் வயசுதான் இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"வேர் உள்ளயே நிக்குது சார், கீழ கொஞ்சம் சீழும் இருக்கு. மொதல்ல அதை எடுத்து, புண்ணு ஆறணும். ஒரு ரெண்டு மாசம். அப்புறம் எலும்புல ஸ்க்ரூ வெப்போம். எலும்பு அதை நல்லா புடிச்சிக்கணும். அதுக்கு மூணு, நாலு மாசம். அதுக்கப்புறம்தான் அளவெடுத்துப் பல்லு மாட்டுவோம்."

"மேடம், நான் ஒரே நாள்ல முந்நூறு அடி போடறவன்."

"நீங்க போட்ட போர்வெல்லுல யாராச்சும் கரும்பு கடிக்கிறாங்களா சார்?"

கேள்வி என்னவோ நியாயம்தான். அதற்காக ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. சிலருக்கு ஒரே நாளில் பல்லைப் பிடுங்கி ஸ்க்ரூவும் வைத்துவிடுவார்களாமே என்று மடக்கினேன். எலும்பு கெட்டியாக, சீழ் இல்லாமல் இருந்தால் சிலருக்கு அப்படியும் செய்வதுண்டு, உங்களுக்கு இல்லை என்றார். என் எலும்பையே குறை சொல்கிறாரே என்று வீடு வரைக்கும் பொருமிக்கொண்டு வந்தேன்.

வேரை எடுத்தார்கள், புண்ணும் ஆறியது. ஸ்க்ரூ வைக்க நாள் குறிக்கிற இடத்தில்தான் என் முதல் திருவிளையாடல். கிணறு வெட்டுவதோ போர் போடுவதோ, கீழ்நோக்கு நாளில்தான் ஆரம்பிப்பேன். காலண்டரில் கீழ்நோக்கு என்று போட்டிருந்தால்தான் என் வண்டி கிளம்பும். ஸ்க்ரூவும் ஒரு துளைதானே? கீழ்நோக்கு நாளாகப் பார்த்துச் சொன்னேன். என் மனைவி மல்லிகா ஒத்துக்கொள்ளவில்லை.

"மேல் பல்லுக்கு ஸ்க்ரூ மேலதான போவும்? மேல்நோக்கு நாள் பாருங்க."

"துளைன்னா கீழ்நோக்குதான்டி. நீ எனக்குத் தொழில் சொல்லித் தர்றியா?"

இந்தச் சண்டையில், டாக்டர் கொடுத்த தேதிகள் இரண்டு கைநழுவிப் போயின. கடைசியில் டாக்டரிடமே பஞ்சாயத்துப் போனது. பாவம், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க நாற்காலியில படுத்துக்கினு இருப்பீங்க சார். ஸ்க்ரூ படுக்கவாட்டுலதான் போவும். சமநோக்கு நாள் ஏதாவது இருந்தா பாத்துட்டு வாங்க." இரண்டு பேருக்கும் வெற்றி இல்லாமல் போனதில் வீட்டில் அமைதி திரும்பியது.

பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ வைக்கும்போது வலிக்காது. ஊசி போட்டு மரத்துவிடும். சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்கும். துளைக்கிற இடத்தில் சூடேறாமல் தண்ணீர் பீய்ச்சினார்கள். (நானும் அதைத்தானே செய்கிறேன்? வாய் திறந்திருந்ததால் சொல்ல முடியவில்லை.) மரமரப்பு போன பிறகுதான் முகம் ஒரு பக்கமாக வீங்கும். கொஞ்ச நாளைக்குக் கேப்பைக் கூழைத் தவிர வேறு எதுவும் இறங்காது. நான்கு மாதம் ஈறுக்குள்ளே ஸ்க்ரூ சும்மாவே கிடக்கும். அந்தச் சும்மாதான் என்னால் தாங்க முடியாதது.

கல்யாணத்துக்காக என்று, கழற்றி மாட்டுகிற பல் ஒன்றைக் கொடுத்தார் டாக்டர். ரோஸ் கலரில் ஒரு பிளாஸ்டிக் தகடு, அதில் ஒற்றைப் பல். "கழட்டி மாட்டறதுக்கு நான் இன்னா பம்புசெட் மோட்டாரா?" என்று கேட்டேன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். வீக்கம் வடிந்ததும் தகடு தளர ஆரம்பித்தது. ஒரு எட்டு வந்தால் இறுக்கித் தருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் சொல்லி நான் போவதா?

கல்யாணம் விழுப்புரத்தில். அதிகாலையில் மண்டப வாசலில் இறங்கியதும் கண்ணில் பட்டது பிளெக்ஸ். 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்து, மேலே என் பழைய போட்டோ, வாய் நிறையப் பல். மச்சானின் ஏற்பாடு! அதன் அடியில் நின்றபடி, "வா மச்சான், சாப்ட்டியா?" என்றார். "சாப்ட்டேன்" என்று சொல்லப்போனேன். தகடு வழுக்கி, முதல் எழுத்திலேயே விசில் கிளம்பியது. பந்தலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வண்டி வெளியேதான் நின்றிருந்தது. அதில் பிளாஸ்டிக் குழாய் ஒட்டுகிற பசை டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். சொல்யூஷன் என்போம். அதைப் போட்டு ஒட்டிய குழாய் ஜென்மத்துக்கும் பிரியாது. முந்நூறு அடிக் குழாயைப் பிடிக்கிற பசைக்கு ஒரு பல் எம்மாத்திரம்? இதுதான் அன்று என் மூளை போட்ட கணக்கு. மணமகள் அறைக்குப் பக்கத்து அறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தகட்டில் ஒரு சொட்டுத் தடவி, வாயில் வைத்து அழுத்தினேன்.

(தயவுசெய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

காரம், கசப்பு என்பதெல்லாம் சின்ன வார்த்தை. கண்ணில் நீர் கொட்டியது. அந்தச் சொல்யூஷன் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தகடு வெல்லப்பாகு மாதிரி இளகி, பல் ஒரு பக்கம் சாய்ந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கெட் பக்கெட்டாகக் கொப்பளித்தேன். தகடு தரையில் கிடந்தது. பல் மட்டும் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தேன். உதடு இட்லி சைஸுக்கு வந்திருந்தது.

கதவு தட்டப்பட்டது. செல்வியின் குரல்: "ண்ணா! மாமன் மாலை போடணும், ஜல்தி வா! அய்யர் கூப்புட்றாரு!"

போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு மேடையேறி, கயலுக்கு மாலையைப் போட்டேன். விரலில் இருந்த பல் மாலைக்கு இடம் மாறியதை நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவர் கவனித்தார்.

"இன்னா மச்சான், ரோஜா மாலையில முத்து கோத்திருக்க?"

கயல் குனிந்து பார்த்தாள். பல்லைப் பார்த்தாள். என் உதட்டைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. ஐயோ, கல்யாண நாளில் பிள்ளையை அழவைத்துவிட்டோமே! போட்டோகிராபர் வேறு நேரம் தெரியாமல், "மாமா, கொஞ்சம் சிரிங்க!" என்றார்.

சட்டென்று எனக்குள் ஒன்று சிலிர்த்துக்கொண்டது. எவனிடமும் கடன் வாங்கிய வாய் இல்லை இது. என் கரும்பு, என் பல், என் ஓட்டை. சிரித்தால் என்ன? இருக்கிற பல்லெல்லாம் தெரிய, இல்லாத பல்லின் இடமும் தெரிய, மண்டபம் அதிரச் சிரித்தேன். கயலும் வெடித்துச் சிரித்தாள். கண் கலங்கியதே சிரிப்பை அடக்கித்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. மாலையிலிருந்த பல்லைப் பிய்த்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கேமரா மின்னியது.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னபோது, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்தார். ஈறு வெந்திருந்தது, ஸ்க்ரூ அசையவில்லை. "உங்க எலும்புக்கு இருக்கற பொறுமை உங்களுக்கு இல்ல சார்" என்றார். ஈறு ஆறக் கூடுதல் காலம் போய், ஐப்பசியில்தான் புதுப் பல் ஏறியது.

நேராகக் கயல் வீட்டுக்குப் போய்ச் சிரித்துக் காட்டினேன். மச்சானும் அங்கே இருந்தார். அவள் என்னையும், ஹாலில் பெரிதாக மாட்டியிருந்த அந்த மேடை போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு மாமா. ஆனா போட்டோவுல இருக்கற மாமாதான் எனக்கு. ஒருவாட்டி அதைக் கழட்டிட்டு சிரி."

"இது கழட்டற பல்லு இல்லம்மா. எலும்போட ஒட்டிக்கினு கீது."

"எந்த சொல்யூஷன் மச்சான்?" என்றார் ஏழுமலை.

அன்று ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. எங்கள் குடும்பத்தில் கோப்பையின் காது உடைந்தாலும் சரி, செருப்பு வார் அறுந்தாலும் சரி, "மாமாகிட்ட சொல்யூஷன் கீது" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மச்சான் என் முன்னால் ஒரு கரும்பையும், பக்கத்திலேயே ஒரு கத்தியையும் வைக்கிறார். முன்பல்லால் கடிக்கக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. அதனால் கடைவாய்ப் பக்கமாகக் கொண்டுபோய், கணுவைத் தள்ளிவிட்டுக் கடிக்கிறேன். கத்தியை மட்டும் இதுவரை தொடவில்லை.