வெல்வெட் தொப்பி வைத்த மாமனார்

அன்புள்ள அண்ணிக்கு,

ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் கூசாமல் பொய் சொன்னால் யாரிடம் போய்ப் புகார் செய்வது? எனக்குத் தெரியவில்லை. அவருடைய அக்கா என்ற முறையில் உங்களுக்கு எழுதுகிறேன். வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் இப்போது சொன்னபடி கேட்கிறது என்று நம்புகிறேன்.

சனிக்கிழமைகளில் எண்ணெய் வண்ண வகுப்புக்குப் போகிறேன். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பெரிய ஓவியர் வரைந்த வெல்வெட் தொப்பி வைத்த வெளிநாட்டு வியாபாரியின் படத்தை அப்படியே பிரதி எடுப்பதுதான் பாடம். பழைய முறைப்படி முகத்தை முதலில் பச்சையில் வரைந்து, காய்ந்த பிறகு தோலின் நிறத்தை மெல்லிசாக ஏற்ற வேண்டும், எண்ணெயோ லேசில் காயாது, வீட்டில் காற்று வருவது கூடத்தில் மட்டும்தான், ஆகவே பச்சை முகத்தோடு வியாபாரியை அங்கே மாட்டினேன், அன்றைக்கென்று பார்த்து வாடகை வாங்க வீட்டுக்காரர் வந்தார், "யாரு சார், அப்பாவா? ரொம்ப முடியாம இருந்தப்ப வரைஞ்சதோ?" என்றார், உங்கள் தம்பி என் பக்கமே திரும்பாமல் "ஆமா" என்றார்.

"இந்தத் தொப்பி?"

"அவருக்குக் குளிர் தாங்காது."

வீட்டுக்காரர் படத்தின் முன் கண்ணை மூடி நின்றுவிட்டுப் போனார்.

"ஏங்க இப்படி?" என்றேன்.

"அவரா கேட்டாரு. இல்லேன்னு சொல்ல வாய் வரலை."

மாமா காலமானபோது இவர் கைக்குழந்தை, ஒரு போட்டோகூட இல்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காக? நிறம் ஏற ஏற இவர் தொந்தரவும் ஏறியது.

"மூக்கு கொஞ்சம் என்னுது மாதிரி இருந்தா என்ன?"

"பிரதின்னா பிரதிதான். நாளைக்கு வகுப்புல வைக்கணும்."

"யாரு அளந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்."

இப்போது இவர் நாற்காலியைப் படத்துக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்.

அப்பாவைப் பார்த்தவர் நீங்கள். இது அவர் இல்லை என்று தம்பிக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

உங்கள் தம்பி மனைவி

பி.கு.: மறுநாள் எழுதுகிறேன். காலையில் எழுந்து வந்தால், இவர் ஷேவிங் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு தன் மூக்கையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சவரம் செய்ய வந்தாராம். கூடத்துக்கு. "உக்காருங்க" என்றேன். அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூக்கு வந்துவிட்டது. வகுப்பில் ஆசிரியை, "பிரதி போச்சே மேடம்" என்றார். படத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்த இவர், என்னைக் கேட்காமலே, "பரவாயில்லைங்க" என்றார். தம்பிக்கு எதுவும் எழுத வேண்டாம், அண்ணி. அப்பாவுக்குக் காது எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதுங்கள். அதை இன்னும் நான் தொடவில்லை.